இரண்டு மாதம், மைதா பசை, 40 அட்டை

விஷுவல் கம்யூனிகேஷன் முடித்த கையோடு, சென்னையில் கையால் அச்சடித்துக் கையாலேயே தைத்துப் புத்தகம் போடுகிற ஒரு சின்ன ஸ்டூடியோவில் இரண்டு மாதம் இன்டர்னாக இருந்தேன். எப்படிச் சேர்ந்தாய், என்ன வேலை தந்தார்கள் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மெயிலில் பத்து வேலைகளை அனுப்பினேன். எல்லாமே கம்ப்யூட்டரில் செய்தவை. "கையால் செய்தது ஏதாவது இருக்கா?" என்று ஒரு வரியில் பதில் வந்தது. என்னிடம் இருந்தது காலேஜில் லினோலியத்தில் செதுக்கி, மை தடவி அச்செடுத்த ஒரே ஒரு லினோ பிரிண்ட்தான், அதிலும் பெயரை நேராகச் செதுக்கிவிட்டதால் அச்சில் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி விழுந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களாம். இந்தத் தப்பை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்ய மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

முதல் மூன்று வாரம் மடிப்புதான். டெம்மி அளவுத் தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பாரம் பாரமாக மடி, மடித்ததை அழுத்து, அடுக்கு. நடுவே ஸ்கிரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ், அதாவது வலைத்துணி, அதன் வழியாகத்தான் மை தாளில் இறங்கும்) கழுவ ஆள் வேண்டுமென்றால் அதுவும் நான்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நான்கு நிறப் படம் 250 படி என்றால் ஆயிரம் தடவை ஸ்குவீஜி (மையை அழுத்தித் தள்ளும் ரப்பர் பட்டை) இழுக்கணும், அதில் ஒரு நிறம் நூலளவு நகர்ந்தாலும் அந்தத் தாள் போச்சு. மின்விசிறியைப் போட்டால் மை மெஷ்ஷிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், போடாவிட்டால் நம் நெற்றி வியர்வை தாளில் சொட்டும். மே மாதத்தில் சேராதீர்கள். உதவித்தொகை என் ஹாஸ்டல் வாடகைக்கே பத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது வாரம் பைண்டிங் பக்கம் விட்டார்கள். 40 நோட்டுகளுக்கு அட்டை ஒட்டுவது என் பொறுப்பு. அங்கே வழக்கமாகப் போடும் கைக்காகிதம் தீர்ந்துபோனதால், ஆண்டர்சன் தெருவில் போய் நல்ல நிறத்தில் மில் காகிதம் வாங்கிவந்தேன். ஒரு வாக்கில் வெட்டினால் தாளுக்கு ஆறு அட்டை, இன்னொரு வாக்கில் எட்டு. எட்டு வருகிற மாதிரி வெட்டி, மிச்சம் பிடித்த பெருமையில் மைதா பசையைத் தாராளமாகத் தடவி (மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, பூச்சி அரிக்காது, ஆனால் கை கழுவாமல் சாப்பாட்டு டப்பாவைத் தொட்டால் திட்டு விழும்) நாற்பதையும் ஒரே நாளில் ஒட்டி முடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் நாற்பதும் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கின்றன.

பைண்டர் அண்ணன் திட்டவில்லை. மிச்சமிருந்த தாளில் ஒன்றை எடுத்து, வெட்டாமல் இரண்டு பக்கமும் சேர்த்து லேசாக வளைத்துக் காட்டினார். ஒரு வாக்கில் சுலபமாக வளைகிறது, இன்னொரு வாக்கில் முறைக்கிறது. மில் காகிதத்தில் நார்கள் மெஷின் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் மாறாது, குறுக்கில் உப்பும், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். அதனால் நார் போகும் திசை புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து மேலிருந்து கீழாகப் போகணும். நான் வெட்டியது குறுக்கே. கைக்காகிதத்தில் கூழைச் சல்லடையில் அள்ளி நாலா பக்கமும் அசைப்பதால் நார்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும், எப்படி வெட்டினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, மூன்று வாரம் அதையே தொட்டுப் பழகியதில் காகிதத்துக்குத் திசை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. நாற்பதையும் பிரித்து, சுரண்டி, மறுபடி ஒட்ட நான்கு நாள் ஆனது. இப்போது கல்யாணப் பத்திரிகை கையில் வந்தாலும் முதலில் வளைத்துத்தான் பார்க்கிறேன்.

கடைசி இரண்டு வாரம் ஈய எழுத்து. காலால் மிதித்து ஓட்டும் பழைய ட்ரெடில் அச்சு மெஷின் ஒன்றும், வாரத்தில் இரண்டு நாள் வந்து எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் ஐயாவும் இருந்தார்கள். கேஸில் (எழுத்துகளைக் குழி குழியாகப் பிரித்து வைக்கும் தட்டு) உள்ள எழுத்துகள் 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை, அதனால் துதிக்கை வைத்த லை, னை எல்லாம் தனி எழுத்தாகவே இருந்தன. ஐயா பார்க்காமலே எடுப்பார், எழுத்தின் உடம்பில் உள்ள பள்ளத்தைக் கட்டைவிரல் தடவியதும் எது மேல், எது கீழ் என்று தெரிந்துவிடும். நான் எட்டு வரிக் கவிதை ஒன்றைக் கோர்க்க முழுதாக ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றாக அதனதன் குழியில் திரும்பப் போடணும் என்று எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. என் கடைசி நாள் முழுக்க அதில்தான் போனது. ர-வுக்கு அடியில் சின்ன வால் உண்டு, துணைக்காலுக்குக் கிடையாது, தேய்ந்த ஈயத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கிளம்பும்போது ஐயா துணைக்கால் குழியில் விரலை விட்டுத் துழாவி மூன்று ர-வை எடுத்து என் கையில் வைத்தார். "ஏம்மா, பஸ்ஸுக்கு நேரம் இருக்குல்ல?"

மறுபடி பையைக் கீழே வைத்தேன்.