சேமிக்கும் வேலையை எங்கே வைப்பது?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் நடக்கும் ஒரு தமிழ் வகுப்புக்கு, பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் பதிவுப் படிவம் எழுதித் தருகிறேன். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சரிபார்ப்பது படிவத்தின் கிளீன் பகுதியிலேயே இருக்கட்டும். யார் பதிவு செய்கிறார் என்பது, வரும் கோரிக்கையைக் கையாளும் வியூவுக்குத்தான் தெரியும்; அங்கே ‘இன்னும் தரவுத்தளத்தில் எழுதாதே’ என்று சொல்லும் கமிட்=ஃபால்ஸ் கொடுத்து, பயனரை இணைத்து, அப்புறம் சேமிக்கிறேன். ஒரு மாணவருக்குப் பல பாடங்கள், ஒரு பாடத்துக்குப் பல மாணவர்கள் என இணைக்கும் மெனி-டு-மெனி புலம் இருந்தால், அந்த இணைப்புகளைச் சேமிக்கும் சேவ்_எம்டூஎம் கட்டாயம். இல்லையென்றால் மாணவர் தேர்ந்தெடுத்த பாடங்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

எல்லாவற்றையும் மாடலின் (தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் வகுப்பின்) சேவ்-இல் திணிப்பது எனக்குப் பிடிக்காது. பல பதிவுகளை ஒரேயடியாக உருவாக்கும் பல்க்_கிரியேட், ஒரேயடியாக மாற்றும் குவெரிசெட்டின் அப்டேட் இரண்டும் அந்த சேவ்-ஐ அழைப்பதே இல்லை. பெற்றோருக்கான மின்னஞ்சலை சேவ்-இல் வைத்தால், நிர்வாகப் பக்கமான அட்மினில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மறுபடி மின்னஞ்சல் போகும். அதனால் வியூவிலிருந்து ஆன்_கமிட் வழியாக அனுப்புகிறேன். தரவுத்தளத்தில் பதிவு உறுதியான பிறகுதான் அது கிளம்பும்.