பூஸ்ட் அளக்கப் போய் மாடிப்படியில் தண்ணீர் டியூப் தொங்கவிட்ட கதை

டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் திணிக்கிற காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அதை அளக்க என் காடியில் மூன்று மீட்டர், மூன்று கணக்கு. மிதியை முழுசாக அழுத்தினால் ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) இருக்கிற முள் மீட்டர் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். டேஷ்போர்டில் ஒட்டிய எலெக்ட்ரானிக் மீட்டர் 8.7 என்று சொல்லும். காடியின் கணினியைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகிய புளூடூத் டப்பா வழியாகப் போனுக்கு வருவது 9. காடி ஒன்றுதான், 1.6 லிட்டர் டர்போ, வயதானது. கோலாலம்பூர் செத்தாபாக்கில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் ஃபோர்மேன் (மெக்கானிக்) அண்ணனிடம் காட்டினேன். "முள்ளை நம்பு தம்பி, போன் எல்லாம் பொம்மை" என்றார். முள்ளுக்கு மட்டும் யார் சான்றிதழ் கொடுத்தது என்று கேட்டதற்கு, டயரைத் தட்டிப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

முதலில் அடிப்படை. பூஸ்ட் என்பது தனியாக நிற்கிற அளவு இல்லை, அது ஒரு கழித்தல் கணக்கு. மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இருக்கும் மொத்த அழுத்தத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் பூஸ்ட். முள் மீட்டரில் இந்தக் கழித்தல் தானாக நடக்கும். உள்ளே இருப்பது 1849-இல் பிரான்சில் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற அதே வளைந்த குழாய்தான். குழாய்க்குள் மேனிஃபோல்டு காற்று, வெளியே அறைக் காற்று, வித்தியாசத்துக்கு ஏற்பக் குழாய் நிமிர முள் நகர்கிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் காடியின் சொந்த மேப் சென்சர் அப்படி இல்லை. வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து மொத்த அழுத்தத்தையே சொல்லும். போன் ஆப் அதிலிருந்து எதையாவது கழித்தாக வேண்டும். என்னுடைய ஆப் கழிப்பது 101.3 கிலோபாஸ்கல் (ஒரு பிஎஸ்ஐ சுமார் 6.9 கிலோபாஸ்கல்). அது கடல் மட்டத்துக்கான பாடப்புத்தக எண். காடி எங்கே நிற்கிறது என்று ஆப்புக்குத் தெரியாது, அது கேட்பதும் இல்லை.

எது சரி என்று முடிவு செய்ய, மூன்றையும் விட நம்பகமான நாலாவது ஒன்று வேண்டும். விலை உயர்ந்த கேலிபிரேட்டர் வாங்க மனம் வரவில்லை. தண்ணீர் இருக்கிறதே. 1 பிஎஸ்ஐ என்றால் 70.3 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். 10 பிஎஸ்ஐக்கு 7.03 மீட்டர். எங்கள் அடுக்குமாடியின் மாடிப்படி மூன்று மாடிக்கு நேராக இறங்குகிறது, அது போதும். ஹார்ட்வேர் கடையில் 6 மில்லிமீட்டர் தெளிவான டியூப் வாங்கி, அடியில் யு மாதிரி வளைத்து, இரண்டு கையையும் மேலே கட்டி, பாதி உயரத்துக்குச் சிவப்புக் கலர் கலந்த தண்ணீர் ஊற்றினேன். (சிராப் ஊற்றக்கூடாது. சர்க்கரை சேர்ந்தால் எடை கூடிக் கணக்கு கெடும்.) ஒரு கையின் வாயில் டீ (T) வடிவ இணைப்பு, அதில் சைக்கிள் பம்ப்பும், சோதிக்க வேண்டிய மீட்டரும். பம்ப் அடிக்க அடிக்க ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரம்தான் அழுத்தம். டியூபில் காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டாலும் அளவு பொய், அதனால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். நம்ம ஊர் சூட்டில் தண்ணீரின் அடர்த்தி கொஞ்சம் குறைவு, ஆனால் அந்தப் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே.

இரண்டாம் மாடி ஆண்டி எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மேலே தண்ணீர்த் தாங்கி லீக்கா?" என்றார். காடிக்கு என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

703 சென்டிமீட்டரில் முள் மீட்டர் 11 காட்டியது. எலெக்ட்ரானிக் மீட்டர் 9.6. 5 பிஎஸ்ஐயில் முள் 5.5-ஐ ஒட்டி நின்றது. ஆக முள் எல்லா இடத்திலும் ஏறத்தாழப் பத்து சதவீதம் கூட்டிச் சொல்கிறது, மற்றது நாலு சதவீதம் குறைத்து. கூட்டிச் சொல்கிற மீட்டரைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும், அதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது சொந்தமாகப் பதிவு செய்யும் கருவி. புடுவில் ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் கடைகளில் தேடி எம்பிஎக்ஸ் 4250 ஏபி சென்சர் வாங்கினேன். 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை மொத்த அழுத்தம் அளக்கும். ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 20 மில்லிவோல்ட். ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையின் பத்து பிட் அளவீட்டில் ஒரு படி கால் கிலோபாஸ்கல், இது தாராளம். கவனிக்க வேண்டியது மின்சாரம். இந்தச் சென்சரின் வெளியீடு அதற்குக் கொடுக்கும் வோல்ட்டை ஒட்டி ஏறி இறங்கும். 5 வோல்ட் என்று நினைத்த இடத்தில் 4.8 வந்தால், உச்சத்தில் கிட்டத்தட்ட 0.9 பிஎஸ்ஐ காணாமல் போகும். காடியின் யுஎஸ்பி அடாப்டரில் 4.8 எல்லாம் சாதாரணம். ஆர்டுயினோ ஒப்பிடும் மின்னழுத்தமும் அதே லைனிலிருந்து வரும்படி விட்டால் இரண்டும் சேர்ந்து ஆடும், பிழை அடிபட்டுப் போகும். துல்லியம் வேண்டும் என்று மாறாத வோல்ட் தரும் தனி ரெஃபரன்ஸ் சிப் வைத்தால் இங்கே அது தொல்லைதான்.

சென்சரின் சொந்தப் பிழை முழு அளவில் 1.5 சதவீதம் வரை, அதாவது அரை பிஎஸ்ஐ. அதைத் திருத்த மறுபடி மாடிப்படி. பூஜ்யப் புள்ளிக்கு சுபாங் விமான நிலைய வானிலை அறிக்கையை எடுத்துக்கொண்டேன். அது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட எண். நம்ம உயரத்துக்கு, எட்டேகால் மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் (கிலோபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு) என்று குறைத்தால் கோலாலம்பூரில் சுமார் 100.4 கிலோபாஸ்கல் வரும். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் காற்றழுத்தம் கொஞ்சம் மாறும். பூஸ்ட் கணக்கில் அது பிஎஸ்ஐயில் இருபதில் ஒரு பங்குதான், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டியூபை எங்கே செருகுவது என்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. மிதியை விடும்போது மிஞ்சிய காற்றை வெளியேற்றும் புளோ ஆஃப் வால்வு டியூபில் டீ போட்டால் வால்வு திறக்கும்போதெல்லாம் அளவு குதிக்கும். காற்றைத் திறந்து மூடும் திராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டில் டியூப் மாட்டத் தனி நிப்பிள்தான் சரி. டியூப் குட்டையாக, மடங்காமல் இருக்க வேண்டும். நீளமான டியூபில் முள் சோம்பேறியாகிவிடும். போனும் சோம்பேறிதான், ஒரே நேரத்தில் பத்து விவரம் கேட்டால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் வரும். அழுத்தம் மட்டும் கேளுங்கள். நொடிக்கு நூறு தடவை பதிந்ததில், ஏறும்போது ஒரு கணம் 11.5 வரை குதித்து 9.1-இல் அமர்வது தெரிந்தது. மூன்று மீட்டரில் ஒன்றுகூட அந்தக் குதிப்பைக் காட்டியதில்லை.

சோதனைக்குக் கெந்திங் மலை ஏற்றம். மேட்டில் மூன்றாம் கியரில் போனால் வேகம் கூடாமலே எஞ்சினுக்கு முழு பாரம் கிடைக்கும், சம்மன் பயமும் இல்லை. இரண்டாவதாக ஒரு சென்சரை வெளிக்காற்றுக்கு விட்டேன். கீழே வெளிக்காற்று 100.4 கிலோபாஸ்கல், மேனிஃபோல்டு 163. மலைப் பாதையின் நடுவில், கோத்தோங் ஜெயா பக்கம் வெளிக்காற்று 91, மேனிஃபோல்டு 160. உண்மையான பூஸ்ட் 9.1-இலிருந்து 10-க்கு ஏறியிருக்கிறது. முள் மீட்டர் 11-ஐத் தொட்டது. போன் 8.5-க்கு இறங்கியது! ஒரே ஏற்றத்தில் ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "குளிர் காத்துல டர்போ சூப்பரா இழுக்குது மச்சி" என்றான். எஞ்சினுக்குக் கிடைத்த மொத்த அழுத்தம் குறைந்துதான் இருக்கிறது. எஞ்சினை ஆளும் கணினியான இசியு மொத்த அழுத்தத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது, வெளியே காற்று மெலிந்துவிட்டது, அதனால் டர்போ கூடுதலாக உழைக்கிறது. மொத்த அழுத்தத்தை வெளிக்காற்றால் வகுத்து விகிதமாகப் பார்த்தால் கீழே 1.62, மேலே 1.76. உச்சியில், 1,800 மீட்டர் உயரத்தில், எஞ்சினை அணைத்து நிறுத்தியபோது வெளிக்காற்று 82. போன் மட்டும் மைனஸ் 2.8 பிஎஸ்ஐ என்று காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது ஆப்பில் பூஸ்ட் என்ற கட்டத்தையே எடுத்துவிட்டேன். மொத்த அழுத்தம் ஒரு வரி, வெளிக்காற்று ஒரு வரி, கழித்தல் என் கணக்கு. முள் மீட்டரின் கண்ணாடியில் 10 இருக்கும் இடத்தில் 9 என்று மார்க்கரில் எழுதி ஒட்டியாகிவிட்டது.

கடைசியாக ஒரு சென்சரை டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்கு முன்னால் மாற்றிப் பார்த்தேன். அங்கே 10.6, மேனிஃபோல்டில் 9.1. இடையில் ஒன்றரை பிஎஸ்ஐ இண்டர்கூலரிலும் குழாய்களிலும் போகிறது. டர்போவின் உண்மையான விகிதம் நான் போட்டதைவிடக் கூடுதல், கீழேயே 1.73. இனி டர்போவின் வாயில், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு நிப்பிள் வைக்க வேண்டும். ஃபோர்மேன் அண்ணன் துளை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்தத் தண்ணீர் டியூபை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தால்தானாம்.