எதிர்த்துப் பேசலாம், அது புத்தகம்தான்

மதுரையில் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காந்தி மியூசியத்து மரத்தடியில் கூடிப் புத்தகம் பேசுகிறோம். பெயர்ப் பலகை, தலைவர், செயலாளர் எதுவும் கிடையாது. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போக ஆரம்பித்த ஒன்றிரண்டு பேர், அப்புறம் வயதில் கொஞ்சம் மூத்த நான். எல்லாரும் தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆனால் எந்தப் புத்தகத்தில் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது: பழைய எழுத்து பெரிசா, இப்போது எழுதுகிறவர்கள் பெரிசா? இந்தச் சண்டையில் எனக்கென்று ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் பொன்னியின் செல்வன். இளம் வாசகர்கள் பத்துப் பேர் கூடும் இடத்தில் அது வராமல் இருக்காது. 2022இலும் 2023இலும் படமாக வந்த பிறகு, படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள் நிறைய. எங்கள் கூட்டத்தில் நர்ஸிங் படிக்கும் ஒரு பெண் அதை முழுக்கக் காதால் கேட்டே முடித்தவள், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும். ஐந்து பாகத்தையும் அப்படி முடித்த பிறகு இன்னொரு முறை கேட்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் பேசினால் வந்தியத்தேவன் பக்கத்துத் தெருப் பையன் மாதிரி ஆகிவிடுவான்.

அன்றைக்கு அவள் பேசி முடித்ததும் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி, "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல யாருமே வேலைக்குப் போறதில்லையேக்கா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. முகூர்த்த நாளானால் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போகிறவன் அவன். அவன் கையில் இருந்தது வீரபாண்டியன் எழுதிய பருக்கை, 2015இல் இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்ய அகாதெமியின் யுவபுரஸ்கார் விருது வாங்கிய நாவல். சென்னையில் படிக்க வந்த மாணவர்கள் கைச்செலவுக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் கல்யாணப் பந்திகளில் பரிமாறப் போவதுதான் கதை. இலை போடுவது, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடப்பது, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நாம் எப்போது சாப்பிடுவது என்று காத்திருப்பது, இதையெல்லாம் ஒரு புத்தகத்துக்குள் பார்த்ததில் அவனுக்கு வந்த சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன். "இத எழுதலாம்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் புதிய எழுத்தின் பக்கம் நிற்பேன்.

நர்ஸிங் பெண் விடுவாளா? "பூங்குழலி படகு ஓட்டுறாளே, அது வேலை இல்லையா? சேந்தன் அமுதன் பூப்பறிச்சு மாலை கட்டுறானே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குத் துடுப்புப் போடுகிற ஒரு பெண்ணை, கை வலிக்கிற வேலை செய்கிற ஒரு பெண்ணை, சோழ இளவரசர்களுக்கு நடுவில் கல்கி கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்பதை நாங்கள் யாருமே அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. அவன் சும்மா கிளப்பிவிட்ட ஒரு எதிர்ப்பால்தான் அவள் தனக்குப் பிடித்த புத்தகத்தை இன்னும் நன்றாகப் படித்தாள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். பழைய புத்தகங்களுக்கு நாம் செய்கிற பெரிய கெடுதல், அவற்றை எதிர்த்துப் பேச விடாமல் வைத்திருப்பது. "இது காலத்தால் அழியாத காவியம், படி" என்று சொல்லிக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளை அதைப் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லும்? பிடிக்காததைச் சொல்ல முடியாத இடத்தில் பிடித்ததையும் மனசாரச் சொல்ல முடியாது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் ஓவியர் மணியத்தின் படங்களோடு வந்த தொடர்கதை. அடுத்த வாரம் வாசகரைத் திரும்ப வரவைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியிலும் தெரியும். அந்தத் தொழில் திறமையைக் கொண்டாடலாம், அதே மூச்சில் நடுவில் கதை நீண்டுகொண்டே போவதையும் சொல்லலாம். கல்கிக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

இன்னொன்று, நம் பிள்ளைகள் "கிளாசிக்" என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த ஒரே புத்தகத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். மிஞ்சிப்போனால் சிவகாமியின் சபதம். அதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, கைக்குக் கிடைப்பதும்தான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில்கூட ஐந்து பாகமும் அடுக்கியிருக்கும். இப்போது எழுதுகிற ஒருவருடைய நாவலோ பல நேரம் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது, புத்தகக் கண்காட்சி முடிந்தால் எங்கே தேடுவது என்றே தெரியாது. ஒரு பக்கம் தெருவுக்குத் தெரு கிடைக்கிற புத்தகம், இன்னொரு பக்கம் தேடி அலைய வேண்டிய புத்தகம். இதைக் கணக்கில் எடுக்காமல், இளைஞர்கள் புதுசைப் படிப்பதில்லை என்று பெரியவர்கள் குறைப்படுவதில் நியாயம் இல்லை.

பழைய அலமாரியில் இளைஞர்களுக்கு யாரும் காட்டாமல் விட்டவை எவ்வளவோ இருக்கின்றன. கமலாம்பாள் சரித்திரம் என்ற நாவலை விவேக சிந்தாமணி பத்திரிகையில் தொடராக எழுத ஆரம்பித்தபோது ராஜம் ஐயருக்கு இருபத்தொரு வயதுதான் இருக்கும். 1872இல் பிறந்தவர், தொடர் ஆரம்பித்தது 1893இல். இருபத்தாறு வயதில் இறந்தும் போய்விட்டார். இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் தன் வயதைச் சொல்லி, "அப்ப அவரும் நம்ம செட்டுதான்" என்றான். ஆமாம், நம் செட்டுதான். வத்தலக்குண்டுக்காரர், கதை நடப்பதும் மதுரைப் பக்கம். அதில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ் வாத்தியார் வருவார். அவர் வரும் பக்கங்களை வாய்விட்டுப் படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். மொழிதான் கொஞ்சம் தடுக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. நடு நடுவே வேதாந்தமும் வரும், அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம் என்று நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

புதுமைப்பித்தனுக்கு அந்தத் தடையும் இல்லை. கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையின் முதல் சில பக்கங்களை ஒரு நாள் மரத்தடியில் மாற்றி மாற்றிப் படித்தோம். பிராட்வே முனையில் நிற்கிற கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், இருவரும் ஓட்டலுக்குப் போகிறார்கள், கடவுள் காப்பியைக் குடித்துவிட்டு அசந்துபோக, அது ஓட்டல்காரன் கலந்த சிக்கரியின் வேலை என்று பிள்ளை விளக்குகிறார். 1943இல் வந்த கதை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இது இப்போது எழுதியதென்றே நினைத்தார்கள். எந்த முன்னுரையும் சொல்லாமல், யார் எழுதியதென்றுகூடச் சொல்லாமல் படித்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, நிஜமான சண்டை எங்கே வந்தது என்றால் ஜெயகாந்தனில்.

அக்கினிப் பிரவேசம் 1966இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு கல்லூரிப் பெண், காரில் வந்த ஒருவன், நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அழுகிற மகளை முதலில் அடித்த அம்மா, பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அந்த முடிவுக்கு எதிராக அன்றைக்கு வாசகர்கள் கொதித்துப்போனார்கள், அது எப்படிச் சுத்தமாகிவிடும் என்று. அந்தச் சண்டையிலிருந்துதான் ஜெயகாந்தன் ஒரு நாவலையே எழுதினார்: அம்மா அப்படி மூடி மறைக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? காலங்கள் மாறும் என்ற தலைப்பில் தினமணிக் கதிரில் தொடராக வந்தது, புத்தகமானபோது சில நேரங்களில் சில மனிதர்கள். 1972இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எதிர்த்துப் பேசிய வாசகர்கள் இல்லாவிட்டால் அந்த நாவலே பிறந்திருக்காது.

இதை நான் சொல்லி முடித்து, அம்மா எவ்வளவு பெரிய மனசுக்காரி பாருங்கள் என்று நாங்கள் இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸிங் பெண் குறுக்கே வந்தாள். "எனக்கு அந்தத் தண்ணி ஊத்துறதே பிடிக்கலக்கா. அவ என்ன அழுக்கா, கழுவுறதுக்கு? கழுவ வேண்டியது அவனத்தான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். 1966இல் அந்த அம்மாவால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று ஒருத்தர், காலத்தைச் சொல்லியே எல்லாவற்றையும் விட்டுவிடுவதா என்று இன்னொருத்தி, எழுத்தாளர் அம்மாவின் செயலைச் சரி என்று சொல்லவில்லை, காட்டத்தான் செய்கிறார் என்று பாலிடெக்னிக் தம்பி. அன்றைக்கு, சுத்தமாக முடியாது என்று சண்டை போட்டவர்கள் இருந்தார்கள், இன்றைக்கு, சுத்தம் செய்ய என்ன இருக்கிறது என்று சண்டை போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது, கதை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அந்தப் பெண் ஜெயகாந்தனை அவமதித்துவிட்டதாக நான் நினைக்கவே இல்லை. அவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? அவள் அந்தக் கதையைத் தனக்கு நடந்த ஒன்றைப் போல எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள்.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு சண்டை இன்றைய நாவல் ஒன்றுக்குக் கிடைக்கிறதா? வெளியீட்டு விழாவில் நாலு பேர் பாராட்டுகிறார்கள், அட்டைப்படத்தைப் பகிர்கிறார்கள், விருது வந்தால் இன்னொரு சுற்று வாழ்த்து, அதோடு சரி. கார்த்திக் பாலசுப்பிரமணியனின் நட்சத்திரவாசிகள் ஐ.டி. அலுவலகத்தை உள்ளே போய்ப் பார்த்த நாவல், அதுவும் யுவபுரஸ்கார் வாங்கியதுதான். தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் வீடுகளில் ஐ.டி. சம்பளம் சோறு போடுகிறது! அந்த வீடுகளில் அந்த நாவலைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்திருக்குமா? பழையது அளவுக்குப் புதுசு இல்லை என்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பழையதோடு மல்லுக்கட்டிய வாசகர்கள் மாதிரி புதுசுக்கு நீங்கள் இருக்கிறீர்களா? வாசகர்கள் கூடி நின்று கேள்வி கேட்காத இடத்தில் எழுதுகிறவருக்குத் தன் பலமும் தெரியாது, பலவீனமும் தெரியாது. கேட்டால்தான் ஜெயகாந்தனுக்கு வந்தது போல ஒரு அடுத்த நாவல் வரும்.

அதே சமயம் புதுசுதான் எல்லாம் என்று சொல்கிற தம்பி தங்கைகளிடமும் எனக்குக் கோபம் உண்டு. "என் வாழ்க்கை இதுல இருக்கு" என்பது ஒரு புத்தகத்துக்குள் நுழைய நல்ல வாசல், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. வாடிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லப்பா எழுதியது, ஒரே பிற்பகலில் நடந்து முடிகிற சின்னக் கதை. தன் அப்பாவைக் குத்திய காளையை, ஜமீன்தார் வளர்க்கும் காரியை, ஜல்லிக்கட்டில் அடக்க வருகிறான் பிச்சி. எங்கள் கூட்டத்தில் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணின் வீட்டில் மாடு வளர்க்கிறார்கள். அவள் அதைப் படித்துவிட்டு வந்து பிச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஜமீன்தார் காளையைச் சுடுகிறாரே, அதைப் பற்றித்தான் பேசினாள், குரல் உடைந்து. ஜல்லிக்கட்டையே நேரில் பார்த்திராத பட்டணத்துப் பையன் ஒருவனும் அதே இடத்தில் புத்தகத்தை மூடிவைத்ததாகச் சொன்னான். அவன் வாழ்க்கை அதில் எங்கே இருக்கிறது? ஆனாலும் மூடிவைத்திருக்கிறான். தன் கௌரவத்துக்காக, தானே வளர்த்த ஒன்றைக் கொல்கிற மனிதரை அவனுக்கு வேறு எங்கோ தெரிந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு எதை முதலில் கொடுப்பது என்று கேட்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அவர்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகத்தைக் கொடுங்கள், அது எந்த வருடத்தில் வந்தது என்று பார்க்காதீர்கள். பந்தியில் பரிமாறுகிறவனுக்குப் பருக்கை, மாடு வளர்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு வாடிவாசல். ஒன்று 1959இல் புத்தகமாக வந்தது, இன்னொன்று நம் கண் முன்னால் வந்தது. படித்த பிறகு "நல்ல புத்தகம்தானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டிவிடும். எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் எங்களுக்கு இமையத்தின் செல்லாத பணம். தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ரேவதியும், வார்டுக்கு வெளியே காத்துக்கிடக்கும் குடும்பமும்தான் நாவலின் பெரும்பகுதி. நர்ஸிங் பெண் பாதி படித்துவிட்டாள், ரேவதியின் அப்பா மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறாள். பாலிடெக்னிக் தம்பிக்கு அந்த அப்பா மேல் இரக்கமாம். இரண்டு பேரும் இப்போதே போனில் ஆரம்பித்துவிட்டார்கள். மதுரைக்காரர்கள் யாருக்காவது வரத் தோன்றினால் புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டு.