கால் ஆஃப் என்றால் ரத்து என்றுதான் படித்திருந்தேன்

வருடத்தின் 32-ஆம் வாரத்தில் 3,000 பீஸ் 'கால் ஆஃப்' செய்யப்போவதாக பிரிட்டன் பையரிடமிருந்து மெயில் வந்தபோது, திருப்பூரில் நான் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டரைப் பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தைகளுக்கான காட்டன் ரோம்பர், மொத்தம் 12,000 பீஸ் ஆர்டர். துணி சாயம் ஏறி வந்துவிட்டது. முதல் 3,000-க்குக் கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பட்டியலில் 'கேன்சல்' என்பதற்கு நேரே 'கால் ஆஃப்' என்று இருக்கும். மழை வந்தால் மேட்ச் கால் ஆஃப். பேச்சுவார்த்தை முடிந்தால் ஸ்டிரைக் கால் ஆஃப். அகராதியைப் புரட்டிப் பார்க்கும் அளவுக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை. கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னேன். ஜாப் ஒர்க்கில் தைத்துத் தரவிருந்த யூனிட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டேன். அவர்கள் மறுநாளே வேறு யாருடைய டி-ஷர்ட்டையோ லைனில் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சீனியர் அண்ணன் ஒருவர் என் சிஸ்டத்தில் எதையோ தேடும்போது அந்த மெயிலைப் பார்த்தார். "தம்பி, இதுல ரத்துன்னு எங்க எழுதியிருக்கான்? மொத லாட்டை அனுப்புங்கறான்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

விஷயம் இதுதான். விலையும் மொத்த எண்ணிக்கையும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்வார்கள். அப்புறம் கடையில் சரக்கு தேவைப்படும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குவார்கள். அப்படி ஒவ்வொரு முறை கேட்பதற்கும் கொள்முதல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கால்-ஆஃப். மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசிக்குச் சொல்லி வைத்துவிட்டு, பத்துப் பத்து கிலோவாக வாங்கி வருகிறோமே, அதேதான். நான் நிறுத்தச் சொன்னது அவர்கள் அவசரமாகக் கேட்ட சரக்கை.

தையல் யூனிட்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஓட்டி, தூத்துக்குடித் துறைமுகத்தின் கட்-ஆஃபுக்குச் சில மணி நேரம் முன்னால் கண்டெய்னரை உள்ளே தள்ளினோம். அந்த கட்-ஆஃப் என்ற சொல்லையும் நான் வேறு மாதிரிதான் கேட்டு வளர்ந்தவன். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் கட்-ஆஃப் என்றால் 200-க்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. துறைமுகத்தில் அது கேட் மூடும் நேரம். அதைத் தவறவிட்டால் கண்டெய்னர் 'ரோல் ஓவர்' ஆகிவிடும், அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் பட்டியலில் ரோல் ஓவர் என்றால் புரண்டு படுப்பது. கப்பல் தவறினால் ராத்திரி நானும் புரண்டுகொண்டுதான் இருப்பேன், அந்த வகையில் பட்டியலைக் குறை சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரிச் சொற்களை நான் ஒழுங்காகக் கற்ற இடம் ஒன்று அதற்கு முன்பே இருந்தது. டிப்ளமோ முடித்த கையோடு கரூரில் ஒரு தறி ஷெட்டில் இரண்டு வருடம் டிரெய்னியாக இருந்தேன். கரூரின் ஏற்றுமதிச் சரக்குக்குத் தொழிலில் பெயர் மேட்-அப்ஸ். பெட்ஷீட், டவல், திரைச்சீலை, சமையலறைத் துணி எல்லாம் அதில் அடக்கம். சுங்கக் குறியீட்டில் 63-ஆம் அத்தியாயத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. திருப்பூர் பனியன் 61-இல் வரும். "மேட்-அப்ஸ் கம்பெனியில் வேலை" என்று சொன்னபோது, ஆங்கில இலக்கியம் படித்த என் அத்தை மகன், "மேட் அப்னா கட்டுக்கதைடா, கதை விடுற கம்பெனியா?" என்று சிரித்தான்.

அந்த ஷெட்டில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருந்தார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நாலாம் நம்பர் தறி அடிக்கடி மக்கர் பண்ணும். அதன் முன்னால் குந்தியபடி, "லெட்டாப்பு லூசா இருக்குது தம்பி, பாவை ஏராளமா வுடுது. டேக்கப்பும் இழுக்க மாட்டேங்குது. அப்புறம் துணி எப்படிச் சீரா வரும்?" என்பார். பின்னால் பீம் என்ற உருளையிலிருந்து பாவு நூலை, அதாவது நீளவாட்டு நூலை, அளவோடு விடுவது லெட்-ஆஃப். நெய்த துணியை முன்னால் சுருட்டி எடுத்துக்கொள்வது டேக்-அப். குறுக்கே போகும் ஒவ்வொரு ஊடை நூலையும் ரீடு என்ற சீப்பு அடித்து நெருக்குவது பீட்-அப். பள்ளிப் பட்டியலில் லெட் ஆஃப் என்றால் தண்டிக்காமல் விடுவது, டேக் அப் என்றால் மேற்கொள்வது, பீட் அப் என்றால் அடித்து நொறுக்குவது. அண்ணனுக்கு இந்த அர்த்தம் ஒன்றுமே தெரியாது. ஆனால் ஆஃப் என்றால் பிடி விலகிப் போகிறது, அப் என்றால் வந்து சேர்கிறது என்பது அவருக்குக் கை வழியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பழகியும் எனக்கு 'கால் ஆஃப்' வந்தபோது உறைக்கவில்லை. மொத்தத்திலிருந்து கொஞ்சத்தைப் பிரித்துக் கூப்பிடுகிறான் என்று அவர் ஒருவேளை ஊகித்திருப்பார். நான் பட்டியலை நம்பினேன்.

நம் பேச்சிலேயே இந்த வித்தை இருப்பதை மெர்ச்சண்டைசர் ஆன பிறகுதான் கவனித்தேன். டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டபடி இருப்பதுதான் இந்த வேலையில் பாதி. அதற்கு ஃபாலோ-அப் என்று பெயர். துணி முடிந்ததா என்று கேட்டால் எதிர்முனையில் "முடிச்சிட்டோங்க" என்று வந்தால் வண்டி அனுப்பலாம். "முடிச்சு வெச்சிருக்கோங்க" என்றால் முடிந்து நாளாயிற்று, நீங்கள்தான் எடுக்கவில்லை, பழைய பில்லும் நிலுவையில் இருக்கிறது என்று பொருள். "முடிச்சுக் குடுத்தர்றோங்க" என்றால் பாதி வேலைகூட ஆகவில்லை, நமக்காக இரக்கப்படுகிறார்கள். "முடிச்சிடலாங்க" என்றால் துணி இன்னும் மெஷினிலேயே ஏறவில்லை. ஒரே ஷேடை மூன்று தடவை நாங்கள் ரிஜெக்ட் செய்த பிறகு ஒரு முதலாளி, "முடிச்சுத் தொலைக்கறேன், விடுங்க" என்றார். வினை எல்லாவற்றிலும் ஒன்றுதான். சரக்கு எந்தத் தேதிக்கு வரும் என்பது வாலில் இருக்கிறது. இத்தனையையும் கேட்டுவிட்டுப் பையருக்கு நான் எழுதுவது ஒரே வரி: 'டையிங் இஸ் இன் பிராசஸ்.'

'புட் ஆஃப்' என்பதற்கு 'போஸ்ட்போன்' என்று உருப்போட்ட நேரத்தில், அது நம்ம தள்ளிப்போடுவதுதான், இரண்டிலும் 'போடு' உட்கார்ந்திருக்கிறது பார் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரே தடவையில் பதிந்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கும் எல்லா இடத்திலும் ஓடாது. 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள்வது. அதில் எதையும் போடவில்லை. விண்ணப்பத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் ஒன்றுதான், உள்ளேயும் வெளியேயும் சண்டையே இல்லை. நம்ம பேங்கில் அது ஃபில்லப் ஆகிவிட்டது.

நாம் பழக்கிக்கொண்ட சிலவற்றை வெளியில் எடுத்துப் போனால் மானம் போகும். ஃபேக்டரியைப் பார்க்க வந்த ஒரு பையர் அம்மையாரிடம் என்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, 2009-இல் பாஸ் அவுட் ஆனேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டார். அவருக்கு அது மயங்கி விழுவது. சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பின் பெயரே பாசிங் அவுட் பரேட் என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாய் வரவில்லை. நன்றி, இப்போது நலம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்குக் கீழே இரண்டு டிரெய்னிகள் இருக்கிறார்கள். மெயிலில் இப்படி ஒரு சொல் வந்தால் முழு வாக்கியத்தையும் எழுதி வைக்கச் சொல்வேன். பணமோ கட்டிங்கோ சம்பந்தப்பட்டது என்றால் வெட்கப்படாமல் பையரிடமே கேட்கச் சொல்வேன். கேட்டதற்காக யாரும் ஆர்டரை ரத்து செய்ததில்லை.

போன மாதம் கரூர் ஃபிட்டர் அண்ணன் போன் செய்தார். மகள் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில், "ஷெட்டை வைண்டப் பண்ணிட்டாங்க தம்பி" என்றார். தறிகளை எடைக்குப் போட்டார்களாம். என்ன சொல்வதென்று தெரியாமல், நாலாம் நம்பரையுமா என்று கேட்டேன்.

"அதையுந்தான். அதோட லெட்டாப்பை மட்டும் கழட்டி வீட்டுல வெச்சிருக்கேன்" என்றார்.