பெட்டிக்குக் கேட்டது

படகு வயர்லெஸ் ஒன்றைக் கடையில் சோதித்துப் பார்த்துவிட்டு, “செட்டுல பழுது எதுவும் இல்லண்ணே” என்று நான் சொன்னது சரி. யார் வந்து கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு அந்தச் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, சொன்ன பதில்தான் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. “உன் பெட்டிக்குக் கேக்குது தம்பி. எனக்குக் கேக்கலையே.”

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம். ஜூன் 14 தாண்டினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் என்று எல்லாப் பக்கமிருந்தும் படகுக்குப் படகு பேசுகிற வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டுகள் என் மேசையில் குவிந்து கிடந்தன. இரண்டு மாதம் சும்மா கிடந்ததைக் கடைசி வாரத்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதைச் சொல்லிப் பயனில்லை. அந்தச் சம்மாட்டியின் புகார், பக்கத்துப் படகு பேசினால் கேட்கிறது, தள்ளி நிற்கிற படகு கேட்கவில்லை என்பது. 1974இல் இலங்கையோடு காகிதத்தில் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை, ஒருத்தருக்கொருத்தர் சத்தம் கொடுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. அதனால் நானும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவு சிக்னல் ஜெனரேட்டர், செட்டைச் சோதிக்க வேண்டிய அளவில் சிக்னல் கொடுக்கிற பெட்டி. இந்த ரகத்தைப் பொம்மை என்று சொல்கிறவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஏடிஎஃப் 4351 என்ற ஒரே சிப்பை வைத்து 35 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4,400 வரை, மைக்ரோவேவ் வரைக்கும் போகிற போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் கேட்காத மடங்கு அலைவரிசைகளும் (ஹார்மோனிக்ஸ்) கூடவே வரும், கடல் செட்டுக்கு வேண்டிய எஃப்.எம். மாடுலேஷன், அதாவது சிக்னலில் சத்தத்தை ஏற்றுகிற வசதி, அந்த சிப்பில் கிடையாது. என்னுடையதில் எஃப்.எம். இருக்கிறது. இருந்தாலும் கசிவுதான் பெரிய தலைவலி. செட்டின் காதைச் சோதிக்க 0.25 மைக்ரோவோல்ட், சிக்னல் பலத்தை அளக்கிற டிபிஎம் கணக்கில் மைனஸ் 119 அளவுக்கு இறங்க வேண்டும். அவ்வளவு கீழே போகும்போது இந்தச் சின்னப் பெட்டிகள் கேபிள் வழியாகக் கொடுப்பதைவிடக் காற்றில் விடுவது அதிகமாகிவிடும். கேபிளைக் கழற்றிப் போட்டாலும் செட் ‘நன்றாக’க் கேட்கும், நாமும் நம்பி ஏமாறுவோம்.

அதனால் ஜெனரேட்டரையும் ஒரு சின்ன பவர் பேங்கையும் பிஸ்கட் தகர டப்பாவுக்குள் வைத்து, மூடி விளிம்பைச் சுற்றிச் செம்பு டேப் ஒட்டி, வெளியே சிக்னலைக் குறைக்கிற 30 டிபி அட்டெனுவேட்டர் இரண்டை வரிசையாக மாட்டித்தான், கடலில் எல்லாரும் கேட்கிற பொதுச் சேனலான 16க்கு, 156.8 மெகாஹெர்ட்ஸில் கொடுத்தேன். கேபிளைக் கழற்றினால் வெறும் இரைச்சல், மாட்டினால் டோன் தெளிவாக வந்தது. அவரையே கேட்கச் சொன்னேன். ஸ்பீக்கர் மேல் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் அந்தப் ‘பெட்டிக்குக் கேக்குது’ பதிலைச் சொன்னார்.

நான் அத்தோடு விட்டுவிடவில்லை. ஆன்டெனா கேபிள் கனெக்டரில் உப்பு ஏறியிருக்கலாம், படகுக்கே வந்து பார்க்கிறேன் என்றேன். “ஐஸ் ஏத்தணும்ப்பா, இப்ப எங்க” என்றார். லைட் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டதற்கு, மேல்தட்டுக்கு எல்இடி போட்டிருக்கிறேன் என்றார். எல்இடி லைட்டுகளால் வி.எச்.எஃப். செட்டில் இரைச்சல் வருகிறது என்று 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே எச்சரிக்கை விட்டிருக்கிறது. அதைச் சொல்லி, சோதிக்கிற வழியையும் சொன்னேன்: எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, ஆள் பேசாத சேனலில் ஸ்கெல்ச்சை, அதாவது இரைச்சலை அடக்குகிற திருகை, இரைச்சல் அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள், அப்புறம் லைட்டைப் போடுங்கள், இரைந்தால் குற்றவாளி லைட்தான். தலையாட்டினார். பக்கத்தில் நின்றவர், லைட்டுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் முடிச்சுப் போடுகிறான் பார் என்று சிரித்தார்.

இதற்கு மேல் ஒரு கடைக்காரன் என்ன செய்ய முடியும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அவர் கேட்ட கேள்வி ஒன்று, நான் பதில் சொன்ன கேள்வி வேறு என்று தோன்றுகிறது. மேசையில் ஒரே ஒரு சிக்னல், அதுவும் சுத்தமாக. கடலில் 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அடுத்த சேனலில் பக்கத்துப் படகு முழு பவரில் கத்திக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் தூரத்துக் குரலைப் பிடிக்க வேண்டும். அதைச் சோதிக்க இரண்டு ஜெனரேட்டரைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் பெட்டி மாதிரி ஒன்றை இரண்டாவதாக வைத்தால் அதன் சிக்னலைச் சுற்றி வருகிற சொந்த இரைச்சலே (பேஸ் நாய்ஸ்) அடுத்த சேனலில் வழியும், செட்டைச் சோதிக்கிறேன் என்று பெட்டியைத்தான் சோதித்துக்கொண்டிருப்பேன். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் ‘பெட்டிக்குக் கேக்குது’ என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் வேறு கடையில் புது செட் வாங்கினார். இப்போது நன்றாகக் கேட்கிறதாம். டீக்கடையில் என் டப்பாவைப் பற்றிப் பேச்சு ஓடியதும் காதுக்கு வந்தது. பழைய செட்டைத் தங்கச்சி மகனுக்குக் கொடுத்திருக்கிறார், அவன் படகில் அது குறையில்லாமல் கேட்கிறது. அதைக் கேள்விப்பட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம், நான் சொன்னது நிரூபணமாகிவிட்டதே என்று. அன்று சாயங்காலமே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. சம்மாட்டி படகில் அதே எல்இடிதான் இருக்கிறது, புது செட் கேட்கிறது. ஆனால் அந்தக் கடைக்காரர்கள் செட்டோடு கேபிளையும் மாற்றி, ஆன்டெனாவையும் உயரத்தில் ஏற்றிவிட்டார்கள். மருமகன் படகிலோ எல்இடியே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று எதை வைத்துச் சொல்வது? இரண்டு செட்டையும் என் மேசைக்குக் கொண்டுவந்தால் இரண்டுமே மைனஸ் 119இல் டோனைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மைக் வயர் மாற்ற அந்த மருமகன் வந்தபோது, ஒரு நாள் படகிலேயே வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். “நல்லா ஓடுறத எதுக்குண்ணே பாக்கணும்?” என்றான். அவன் கேட்பதும் நியாயம்தான்.