விடியலில் கிடைக்கும் சிறகுகள்

பட்டாம்பூச்சிகளை மிக அருகில் நின்று படமெடுக்கத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை ஒரே விதமாகக் கெட்டன. இறக்கையின் ஒரு மூலை பளிச்சென்று விழுந்திருக்கும், கண்ணும் உணர்கொம்பும் மங்கிப் போயிருக்கும். கை நடுங்கிவிட்டது என்றும், லென்ஸ் போதவில்லை என்றும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த உயிர் எந்தச் சாய்வில் அமர்ந்திருக்கிறது, எந்த நேரத்தில் அசையாமல் இருக்கும் என்பதை நான் பார்க்கப் பழகாததே காரணம் என்று பிறகுதான் விளங்கியது.

பூச்சியின் உண்மையான அளவும், கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருப்பதை ஒன்றுக்கு ஒன்று என்கிறோம். பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுக்கே சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவில், அந்த அளவில், லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை எஃப் 8 என்று வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். எஃப் 16 வரை குறுக்கினால் அது 2 மில்லிமீட்டர் ஆகும். ஆனால் இவ்வளவு அருகில் துளை தன் எண்ணைவிட இரு மடங்கு குறுகியதுபோல, அதாவது எஃப் 32 போல, நடந்துகொள்வதால், ஒளி விளிம்பில் சிதறிச் செதில்களின் நுணுக்கம் கரைந்துவிடும். ஆகவே நான் பெரும்பாலும் எஃப் 8-க்கும் எஃப் 11-க்கும் இடையிலேயே நிற்கிறேன். கிடைக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதுதான் இந்தக் கலையில் பாதி.

இறக்கைகளை மேலே மூடி அமர்ந்திருக்கும் பட்டாம்பூச்சி கிட்டத்தட்ட ஒரு தாளைப் போலத் தட்டையானது. கேமராவின் முதுகை அந்தத் தாளுக்கு இணையாக நிறுத்திவிட்டால், இறக்கை நரம்பு, விளிம்பு மயிர், கண், கால் எல்லாம் அந்த மெல்லிய ஆழத்துக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். இணையாக இருக்கிறதா என்பதைத் திரையில் பார்த்து அறிவதைவிட, தலையைச் சற்று உயர்த்தி, மூடிய இறக்கைகளின் மேல்விளிம்புக் கோட்டையும் கேமராவின் பின்விளிம்புக் கோட்டையும் மேலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. இரண்டும் விலகியிருந்தால் மணிக்கட்டைத் திருப்புவதைவிட முழங்காலை ஒரு விரற்கடை நகர்த்தி உட்காருவது நல்லது. இறக்கைகள் பாதி விரிந்திருந்தால் இந்த வழி செல்லாது, அப்போது கண்ணில் குவித்துவிட்டு மற்றதை மங்க விட வேண்டியதுதான். நீலன்கள் எனப்படும் சிறு பட்டாம்பூச்சிகளிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றுள் பலவற்றின் பின்னிறக்கை ஓரத்தில் பொய்க் கண்ணும் உணர்கொம்பு போன்ற மெல்லிய வாலும் இருக்கும், இறக்கையைத் தேய்த்துத் தேய்த்து அந்த வாலை ஆட்டவும் செய்யும். கொத்த வரும் பறவையைத் திசைதிருப்பும் அந்த ஏற்பாட்டில் நானும் பலமுறை ஏமாந்து, குவியத்தைத் தவறான முனையில் வைத்திருக்கிறேன்.

சரியாக விழுந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உழைப்பு மறந்துபோகும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி ஒன்றை ஒருநாள் அப்படிப் பார்த்தேன். தூரத்தில் வெறும் செம்மஞ்சளாகத் தெரிந்த இறக்கை, கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஆயிரக்கணக்கான செதில்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். கரிய தலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல வெண்புள்ளிகள். தண்டைப் பற்றியிருந்த கால்கள் நான்குதான், முன்னிரண்டும் சிறுத்து நெஞ்சோடு மடங்கிக் கிடந்தன. அந்தக் குடும்பத்துப் பூச்சிகள் ஏறக்குறைய அனைத்தும் அப்படித்தான் என்று படித்திருந்தும், கண்ணால் கண்ட அன்றுதான் அது என் அறிவாயிற்று.

நேரத்தைப் பற்றி நான் கற்றது இதைவிட முக்கியமானது. பட்டாம்பூச்சி தன் உடல் சூட்டுக்குச் சூரியனை நம்பியிருக்கும் உயிர். நெஞ்சுப்பகுதியின் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸை எட்டும்வரை பெரும்பாலானவற்றால் நன்றாகப் பறக்க இயலாது. எனவே முதல்நாள் மாலை, வெளிச்சம் மங்கும் வேளையில் அவை எந்தப் புல்தண்டில், எந்த இலையடியில் ஒதுங்குகின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் பொழுது புலர்வதற்குள் அங்கே போய்விடுவேன். பனித்துளி கோத்த இறக்கையோடு அது அசையாமல் இருக்கும். முக்காலியை மெதுவாக நிறுத்தவும், ஷட்டரை அரை விநாடி திறந்து வைக்கவும், குவியத்தைச் சிறுகச் சிறுக நகர்த்திப் பல படங்கள் எடுத்துப் பின்னர் ஒன்றாக அடுக்கவும் அந்த வேளையில்தான் முடியும். வெயில் மேலே விழுந்ததும் இறக்கைகள் விரியும், சில நிமிடங்களில் அது போய்விடும். அதன்பின் துரத்துவதில் பயனில்லை. ஈரமண்ணில் உப்புச் சத்தை உறிஞ்சக் கூடும் ஆண்பூச்சிகள் மட்டும் நடுப்பகலிலும் நம்மை அருகே விடும். அப்போதும் நம் நிழல் அவற்றின்மேல் விழக்கூடாது, பக்கவாட்டில் அசையாமல் நேராக, தாழ்ந்து நெருங்க வேண்டும். கூட்டுக்கண் எதைத் தவறவிட்டாலும் அசைவைத் தவறவிடாது.

அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் குறைவாக இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்த செதிற்சிறகிகள் என்ற வரிசையில் பெயரிடப்பட்டுள்ள ஏறத்தாழ 1,60,000 இனங்களில் பத்தில் ஒன்பது பங்கு அந்துப்பூச்சிகளே. தேய்பிறையின் கடைசி இரவுகளில், காற்றில்லாத புழுக்கமான வேளையில், வெள்ளைத் துணியைக் கட்டி அதன்மேல் புறஊதா விளக்கின் ஒளியை விழச்செய்தால் அவை வந்து அமரும். ஆண்பூச்சியின் இறகு போன்ற உணர்கொம்பை அருகில் பார்த்தால், சீப்பின் பற்கள்போல நுண்கிளைகள் இருபுறமும் வரிசையாக நிற்கும். பெண்ணின் மணத்தைக் காற்றில் தேடிப் பிடிக்கும் கருவி அது. ஃப்ளாஷை நேராக அடித்தால் செதில்கள் வெளுத்துப் பளபளக்கும் என்பதால், வெண்தாள் போன்ற ஒன்றைப் பூச்சிக்கு மிக அருகே பிடித்து ஒளியை மென்மையாக்குகிறேன்.

விளக்கை இரவு முழுதும் எரியவிடுவதில்லை. அட்லஸ் அந்துப்பூச்சி போன்றவற்றுக்கு முதிர்ந்த பருவத்தில் செயல்படும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஒன்றிரண்டு வாரங்கள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிய வேண்டும். ஒளியைச் சுற்றி அது வீணாகப் பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த இருப்பிலிருந்து கழிகிறது. பூச்சிகளைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து, பூவின்மேல் வைத்துப் படமெடுக்கும் வழக்கத்தை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. அப்படி வைக்கப்பட்ட பூச்சியின் கால்கள் பெரும்பாலும் எதையும் உறுதியாகப் பற்றியிருக்காது, பழகிய கண்ணுக்கு அது தெரிந்துவிடும்.

சென்ற மாதம் விளக்கை அணைத்த பிறகு, துணியின் ஓரத்தில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று எஞ்சியிருந்தது. கைவிளக்கின் மங்கிய ஒளியில் குவித்துக்கொண்டிருந்தபோது அதன் இறக்கைகள் மெல்ல அதிரத் தொடங்கின. தசைகளை நடுக்கி உடலைச் சூடேற்றிக்கொள்கிறது, பறக்க ஆயத்தமாகிறது என்று புரிந்தது. இன்னொரு படத்துக்கு நேரம் இருந்தது. கைவிளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் அந்த அதிர்வின் மெல்லிய ஒலி நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.