ஏழு இரவு, இரண்டே ஊர்

ஜனவரி 5, 2025

அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு எங்காவது ஒரு மலைக்குப் போய் சும்மா இருந்துவிட்டு வருவது என்று இன்று முடிவு செய்துவிட்டேன். படுத்த படுக்கையாகக் கிடந்த ஆச்சியைப் பதினோரு வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டவர்கள். ஆச்சி போய் ஒரு வருஷம் ஆகியும், ராத்திரி இரண்டு மணிக்கு, மாத்திரை கொடுக்கிற அந்த நேரத்துக்கு, இருவருக்கும் தானாக முழிப்பு வந்துவிடுகிறது. அவர்களுக்கு இப்போது வேண்டியது ஊர் சுற்றுவது இல்லை, தூக்கம். அடுத்தவர் கையால் சாப்பாடு. கண்ணுக்கு முன்னால் ஒரு மலை. அம்பாசமுத்திரத்து மொட்டைமாடியில் நின்று பொதிகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள்தான், ஆனாலும் மலை என்று போய்த் தங்கியது ஒரே ஒரு தடவை, கொடைக்கானலில்.

ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற பெண்ணுக்கு அல்மோரா பக்கம் சொந்த ஊர். மார்ச் கடைசியில் போ, புராஞ்ஷ் பூத்திருக்கும் என்றாள். உத்தராகண்டின் மாநில மரம் அது. நம் நீலகிரிச் சோலை ஓரங்களில் ரத்தச் சிவப்பாகப் பூக்கிறதே ஒரு ரோடோடென்ட்ரான், அதனுடைய வடக்கத்திச் சொந்தம். அல்மோரா இருக்கிற அந்த மலைப்பகுதிக்குக் குமாவோன் என்று பெயர், அதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. சரி, தெரிந்துகொள்வோம்.

ஜனவரி 11

ஒரு டிராவல்ஸில் கேட்டேன். ஆறு நாளில் ஒன்பது இடம் என்று அனுப்பியிருக்கிறார்கள். நைனிடால், பீம்தால், முக்தேஷ்வர், ராணிகேத், அல்மோரா, பின்சர், கௌசானி, சௌகோரி, முன்சியாரி. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. ஆனால் மலைப்பாதையில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் போனாலே பெரிது. ரயில் நிற்கிற காட்கோடாமில் இருந்து காலையில் கிளம்பினாலும் முன்சியாரி போய்ச் சேர இருட்டிவிடும். கொண்டை ஊசி வளைவு மூன்று தாண்டினாலே சித்திக்குக் குமட்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன். முன்சியாரி முதலில் போயிற்று, மனசில்லாமல்தான், பஞ்சசூலி மலை எதிரிலேயே நிற்கும் என்கிறார்கள். நைனிடால் போயிற்று, கூட்டம். கடைசியில் மிஞ்சியது இரண்டு: அல்மோராவுக்கு மேலே காசார் தேவி மலைமுகட்டில் நான்கு இரவு, கௌசானியில் மூன்று இரவு. பெட்டியை ஒரே ஒரு தடவைதான் கட்டி அவிழ்க்க வேண்டும். வயசானவர்களோடு போகிறவர்கள் எத்தனை இடம் என்று எண்ணுவதை விட எத்தனை தடவை பெட்டி கட்டுகிறோம் என்று எண்ணுவது நல்லது.

ஜனவரி 21

காலையில் எட்டு மணிக்கு டிக்கெட் போட்டாயிற்று. முன்பதிவை இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறார்கள், போன நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. மார்ச் 22 ராத்திரி சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், 24 காலையில் டெல்லி, அங்கே பகல் முழுக்க ஒரு அறை எடுத்து ஓய்வு, அன்று ராத்திரியே ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் காட்கோடாம். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. 1884ல் அங்கே வந்து நின்ற ரயில் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். அம்மாவையும் சித்தியையும் தனியாக ஒரே டிக்கெட்டில் போட்டேன், எனக்குத் தனி டிக்கெட். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் அது கிடைக்காது. இரண்டு பேருக்கும் கீழ்ப் படுக்கையே வந்துவிட்டது. எனக்கு மேல் படுக்கை, அதுவும் வேறு பெட்டியில். பரவாயில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “அவ்வளவு தூரத்துல என்னத்தட்டி இருக்கு?” என்றாள். மலை என்றேன். “இங்க இல்லாத மலையா?” என்றாள். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9

நாங்கள் போகிற வசந்த காலத்தைப் பற்றி இன்று நிறைய படித்தேன். நம் கணக்கில் பங்குனி பின்பனிக் காலம், உண்மையில் சென்னையில் அப்போது வெயில் ஏறிவிடும். அங்கே பகலில் 20 டிகிரி போல இருக்கும், ராத்திரி 10க்குக் கீழே போகும். கௌசானி 1,890 மீட்டர் உயரம்தான், கொடைக்கானலை விடக் குறைவு. மூச்சுத் திணறுமா என்று சித்தி கேட்டதற்கு இதைச் சொன்னதும் நிம்மதியாகிவிட்டாள்.

ஆனால் பனிமலை தெரியுமா என்பது வேறு கேள்வி. திரிசூல் 7,120 மீட்டர், நந்தாதேவி 7,816 மீட்டர், கௌசானியில் நின்றால் இவை வரிசையாகத் தெரியும் என்று எல்லாப் படமும் காட்டுகிறது. பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் எடுத்த படங்கள் அவை, மழை கழுவிவிட்ட வானம். மார்ச், ஏப்ரலில் தூசியும் மங்கலும் ஏறிக்கொண்டே போகும், காட்டுத்தீப் புகை சேர்ந்தால் மலையே இல்லாததுபோல் ஆகிவிடும். விடியற்காலையில் ஓரளவு தெரியும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் நன்றாகத் தெரியும். பனிமலைதான் முக்கியம் என்றால் ஐப்பசியில் போக வேண்டும். நாங்கள் பூவுக்குப் போகிறோம், மலை தெரிந்தால் சந்தோஷம்.

தீயைப் பற்றிப் படித்தது மனதைவிட்டுப் போகவில்லை. அங்கே சீர் பைன் காடுகள் அதிகம். அதன் ஊசி இலைகள் உதிர்ந்து, காய்ந்து, தரை முழுக்க மெத்தை மாதிரி கிடக்கும், பிரூல் என்கிறார்கள், ஒரு பொறி போதும். பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் நடுவரை தீக்காலம் என்று வனத்துறையே கணக்கு வைத்திருக்கிறது. 2024 ஜூனில் பின்சர் காட்டில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிற ஒரு தங்குமிடத்தில் ‘கேம்ப் ஃபயர் வேண்டுமா’ என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று இன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் நீங்களும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 16

வீடு முடிவாகிவிட்டது. ஹோட்டல் இல்லை, ஒரு குடும்பம் தன் வீட்டில் இரண்டு அறையை விடுகிறது. படம் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல் போனில் கேட்டேன்: ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி, அது ஏற்றமா இறக்கமா, கைப்பிடி இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீருக்குக் கீசரா. முதலில் பேசிய ஒரு வீட்டில் ‘கொஞ்சம் நடக்கணும்’ என்றார்கள், நோண்டிக் கேட்டால் காட்டுக்குள் அரை மணி நேரம். இந்த வீட்டில் பதினான்கு படி, இறக்கம். பதினான்கை அம்மா சமாளிப்பாள்.

பாதியில் என் ஹிந்தி தீர்ந்துபோயிற்று. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சித்தி போனை வாங்கி, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஹிந்திப் பிரசார சபாவில் மத்யமா பாஸ் பண்ணின ஹிந்தியை எடுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, அவ்வளவு சுத்தமாக. அந்த வீட்டுக்காரம்மாவும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். என்ன சமைப்பீர்கள் என்று சித்தி கேட்க, சோறு உண்டு, கஹத் தால், மடுவா ரொட்டி என்று சொல்லி இரண்டையும் படம் எடுத்து அனுப்பினாள். கஹத் நம் கொள்ளு. மடுவா நம் கேழ்வரகு. “கொள்ளும் கேப்பையும் திங்கவா இவ்வளவு தூரம்!” என்று சித்தி சிரித்தாள், ஆனால் அவள் முகத்தில் இருந்த பயம் அந்த ஒரு படத்தில் போய்விட்டதைப் பார்த்தேன்.

மார்ச் 2

ஏழு நாளும் சும்மாவே உட்கார முடியுமா என்று அம்மா கேட்கிறாள், கோயில் ஏதும் இல்லையா என்பது அதற்கு அர்த்தம். இருக்கிறது. அல்மோராவிலிருந்து 35 கிலோமீட்டர் போலத் தள்ளி ஜாகேஷ்வர், தேவதாருக் காட்டுக்கு நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள், பழையவை 7ஆம் நூற்றாண்டு. ஒரு நாள் அதற்கு, போய்த் திரும்ப. கௌசானியில் அனாசக்தி ஆசிரமம், 1929ல் காந்தி இரண்டு வாரம் போலத் தங்கிக் கீதைக்கு எழுதிய உரையை முடித்த இடம், அதன் முற்றத்தில் சாயங்காலம் உட்காரலாம். அவ்வளவுதான் திட்டம். மற்ற நாட்களின் பக்கத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன்.

மார்ச் 14

இன்று காலையில் வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு படம். அவர்கள் வாசற்படி. படி மேல் மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூக்கள், பக்கத்தில் இரண்டு சிவப்புப் புராஞ்ஷ் கொத்து. அவர்களுக்குச் சைத்ர மாதம் இன்று பிறக்கிறது, ஃபூல் தேயி என்று ஒரு பண்டிகை. ஊர்க் குழந்தைகள் விடியலில் பூ பறித்துக் கூடையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசற்படியில் தூவி வாழ்த்துவார்கள், வீட்டார் அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள்.

அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் பூவைப் பார்க்கவில்லை. “படியில என்னத்தட்டி அது, மாக்கோலமா?” என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். காவி பூசிய படி, அதன் மேல் வெள்ளைக் கோடு, கோட்டின் ஓரத்தில் விரல் நுனி இழுத்த தடம் கூடத் தெரிந்தது. ஐபண் என்கிறார்கள், செம்மண் காவி மேல் அரிசி மாவைக் கரைத்து விரலால் போடுவது. மார்கழியில் கோலத்து நடுவில் பூசணிப்பூ வைக்கிறவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. “புள்ளி வைக்காமலா இழுக்கிறாக? இல்ல, வச்சிட்டு அழிச்சிருக்காகளா? சித்திய விட்டுக் கேக்கச் சொல்லு” என்றாள். இந்தப் பயணத்தைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

மார்ச் 21

இருவரும் நேற்றே நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிட்டார்கள். சித்தியின் பையில் இஞ்சி மரப்பா, காய்ந்த நார்த்தங்காய், வாந்தி மாத்திரை. காரில் முன் சீட் அவளுக்கு, டிரைவரிடம் சொல்லியாயிற்று. ரயில் விடியுமுன் போய்விடும் என்பதால் காட்கோடாமில் ஒரு அறையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் கிளம்பலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் பெட்டியில் ஸ்வெட்டர், முழங்கால் பட்டை, தைலம். அடியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வெள்ளையாக ஏதோ இருந்தது. என்னம்மா இது என்றேன். “பச்சரிசி மாவு. அந்தப் பிள்ள வீட்டுல அரிசி எப்படி இருக்குமோ என்னமோ” என்று சொல்லி, மூடியை ஒரு தடவை இறுக்கித் திருகி, துண்டில் சுற்றித் திரும்ப உள்ளே வைத்தாள்.

நாளை ராத்திரி பத்து மணிக்கு வண்டி.